ராமுத்தாய் விஷயமாக அக்காவுக்கு எழுதுவது

பள்ளிவாசல் எஸ்டேட்டுக்கு மேலே,
லயத்து வீடு,
ஞாயிற்றுக்கிழமை.

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய கற்பகம் அக்காவுக்கு, தம்பி ஜெகன் விழுந்து கும்பிட்டு எழுதிக்கொள்வது.

நலம். வழக்கமாக இந்த இடத்தில் "இங்கு யாவரும் நலம்" என்று போடுவார்கள். நான் போடவில்லை. போட்டால் "அந்த யாவரும் யாருடா?" என்று நீ கேட்பாய். இங்கு நான் ஒருவன் மட்டும் நலம். நலமாக இருப்பதற்கு இந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது. மாமாவின் முழங்கால், லோகேஷின் பாலிடெக்னிக் படிப்பு, சினைமாடு எல்லாம் நல்லபடியாக இருக்க நம்ம ஊர் நல்லேப்பிள்ளி மாரியம்மனை இங்கிருந்தே வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று மாமா சிரிப்பார். வேறு வழியில்லை. நீ என் போனை எடுப்பதில்லை, வாட்ஸப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். கடிதமென்றால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது படிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். லோகேஷ் மட்டும் நேற்று உனக்குத் தெரியாமல் ஒரு குரல் செய்தி அனுப்பினான். "மாமா, அம்மா உங்க மேல பயங்கரக் கோவத்துல இருக்கறாங்க. ஆரோ ஒரு பொம்பள போன் பண்ணி, உங்க தம்பி ஊட்ல ராமுத்தாய்னு ஒருத்தி இருக்கறா, எந்நேரமும் பேச்சுச் சத்தம் கேக்குதுன்னு சொல்லீட்டாங்களாமா. கொங்கன்படைத் திருவிழா முடிஞ்ச கையோட வண்டி புடிச்சு வர்றாங்களாமா. உங்க பெரியப்பாவும் வர்றாங்களாமா. எதுக்கும் நீங்க ரெடியா இருந்துக்குங்க மாமா" என்கிறான். பையனைத் திட்டாதே. மாமன்காரன் மேல் உள்ள பிரியத்தில் சொன்னது.

அக்கா, சித்தூர்த் திருவிழாவில் கொங்கன்படைப் போர் வேஷம் பார்த்த கண்ணோடு என் மேல் படையெடுத்து வர வேண்டாம். ராமுத்தாய் ஒரு பொம்மை. கையில் மாட்டுகிற துணிப் பொம்மை. நானே தைத்தது. அவளுக்குக் கால்கூடக் கிடையாது. கால் இருக்க வேண்டிய இடத்தில் என் முழங்கைதான் இருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி. பள்ளிக்கூடம் திறந்த புதிதில் எங்களுக்கு அடிமாலியில் ஒரு பயிற்சி வைத்தார்கள். கதையை வாத்தியார் சொன்னால் பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்கும், பொம்மை சொன்னால் பொம்மையைப் பார்க்கும், ஆகவே ஒவ்வொரு ஆசிரியரும் வீட்டில் வீணாகக் கிடக்கிற சாமான்களை வைத்துக் கைப்பொம்மை செய்து வகுப்பில் கதை சொல்ல வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் முயல், ஆமை என்று சுலபமாக முடித்துவிட்டார்கள். நான் உன் தம்பியல்லவா, ராஜா செய்தேன். பழைய பேப்பரைக் கிழித்துக் கப்பைக்கிழங்கு மாவுப் பசையில் ஊறவைத்துத் தலை உருட்டி, மீசை வைத்து, ஜிகினாவில் கிரீடம் ஒட்டி, பார்த்தால் கும்பிடத் தோன்றும் ராஜா. வகுப்பு அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் திறந்தால் ராஜாவுக்கு மூக்கு இல்லை, இடது கன்னம் இல்லை. எலி. கப்பைமாவு எலிக்கு விருந்துச் சாப்பாடு என்பதைப் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. சமாளிக்கலாமென்று, "போரில் ராஜாவுக்குப் பெரிய காயம்" என்று கதையை ஆரம்பித்தேன். ஒன்றாம் வகுப்பு மொத்தமும் அழுதது. இரண்டாம் வகுப்பு அருண்பாண்டி எழுந்து நின்று, "சார், இது எலி கடிச்சது சார். எங்க வீட்டுச் சோப்புலயும் இப்பிடித்தான் கடிச்சு வச்சிருக்கு" என்றான். அன்றோடு ராஜாவின் ஆட்சி முடிந்தது.

எலி தொடாத பொம்மை வேண்டுமென்று அடுத்தது துணியில் தைக்க உட்கார்ந்தேன். தலைக்குள் அடைக்கப் பஞ்சுக்கு எங்கே போவது? நீ கொடுத்துவிட்ட இலவம்பஞ்சுத் தலையணையைப் பிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இப்போது போர்வையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்கிறேன், ஒன்றும் குறைவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு சாமான் கொண்டுவந்தார்கள். கண்ணுக்குச் சட்டைப் பொத்தான் வந்தது. ஜிஸ்மி என்ற பெண் அவள் அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது தலையில் கட்டுகிற துண்டில் ஒரு கிழிசல் கொண்டுவந்தாள். செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றுகிற பிளாஸ்டிக் படங்கிலும் யாரோ ஒரு துண்டு வெட்டி வந்தார்கள். ராணி செய்வதாக நினைத்துத்தான் தைத்தேன். தைத்து முடித்துப் பார்த்தால் கொழுந்து எடுக்கிற பெண்பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறாள். ராமுத்தாய் என்று பேர் வைத்ததும் பிள்ளைகள்தான். நான் வைக்கவில்லை, நோட் பண்ணிக்கொள்.

அவளுக்கென்று ஒரு கதையும் கட்டினேன். ராமுத்தாய் துவைத்துக் காயப்போட்ட சேலையை மூடுபனி தூக்கிக்கொண்டு போய்விடுகிறது, அவள் பனியோடு சண்டை போட்டுச் சேலையை வாங்கி வருகிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் எங்கே சொல்ல விட்டார்கள்? பொம்மையைக் கையில் மாட்டி மேசைக்குப் பின்னால் குனிந்து நான் தொண்டையைச் செருமுவதற்குள் ஜிஸ்மி கையைத் தூக்கிவிட்டாள். "எஸ்டேட்ல நீங்க எந்த டிவிசன்?" நான் விழித்தேன், ராமுத்தாயும் விழித்தாள். "ஒரு நாளைக்கு எத்தன கிலோ எடுப்பீங்க?" "மெசின்லயா, கையிலயா?" "புள்ளைய யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?" ராமுத்தாய் தன்னையறியாமல், "ஏனுங் கண்ணு, மொதல்ல கதையக் கேளுங்க, பொறகு பேசிக்கலாமுங்க" என்றாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அருண்பாண்டி தீர்ப்புச் சொல்லிவிட்டான். "ஆளு எங்க ஆளு. பேச்சு கோயமுத்தூரு. சேரல சார்."

என் மானம் போச்சு. ராமுத்தாய்க்கு எஸ்டேட் பேச்சு வர வேண்டுமென்றால் முதலில் எனக்கு வர வேண்டும். அதனால் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அவளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து பழகிப் பார்க்க ஆரம்பித்தேன். எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது.

உனக்கு என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், நீ பார்த்ததில்லை. லயம் என்பது ஒரே நீளக் கட்டடம், ஒரே தகரக் கூரை, நடுவே சுவர் வைத்து வீடு வீடாகப் பிரித்தது. அந்தச் சுவர் கூரை வரை போகாது. பக்கத்து வீட்டில் பாஸ்கல் அண்ணனும் அவர் மனைவி கத்தரீனாள் அக்காவும் இருக்கிறார்கள். அவர் தேயிலை பேக்டரியில், அந்த அக்கா கொழுந்துக்குப் போகிறவர். அவர்கள் வீட்டில் தாளிக்கிற சீரகம் என் வீட்டில் வெடிக்கும். அப்படிப்பட்ட சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, கீச்சுக் குரலில் நான் ராமுத்தாயாக, "எந்திரிச்சு வெளிய போ! எத்தன நாளைக்கு இப்பிடி மேல வந்து ஒட்டிக்கிட்டு இருப்ப? என் சேலையக் குடு மொதல்ல!" என்று கத்துவேன். பிறகு என் சொந்தக் குரலில் மூடுபனியாக, "குளிருது, இன்னும் செத்த நேரம் இருந்துட்டுப் போறேன்" என்பேன். கதை தெரிந்தவனுக்கு இது பனிக்கும் ராமுத்தாய்க்கும் நடக்கிற சண்டை. கதை தெரியாதவன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டால் என்ன நினைப்பான் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை.

அந்த வாரமே கத்தரீனாள் அக்கா கப்பையும் மத்திக் குழம்பும் கொண்டுவந்து வாசலில் நின்றார்கள். இங்கே நம்ம பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்ம பக்கம் யாராவது சாப்பிடக் கொடுத்தால் "வேண்டாங்க, இப்பத்தான் ஆச்சுங்க" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். நாலாவது தடவை அவர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள், பிறகு உட்காரலாம். அம்மா நம்மை அப்படித்தானே வளர்த்தாள். இந்தப் பக்கம் அந்தக் கணக்கு செல்லாது. ஒரு தடவை வேண்டாமென்றால் வேண்டாம்தான், "சரி சார்" என்று மரியாதையாகத் திரும்பிப் போய்விடுவார்கள். வந்த புதிதில் கிறிஸ்துமஸ் பலகாரத்தோடு வந்த பாஸ்கல் அண்ணனிடம் நான் "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் இரண்டாம் தடவை கேட்பார் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அதிலிருந்து வருஷா வருஷம் என் வீட்டுக் கதவைத் தாண்டிப் பலகார வாசனை மட்டும்தான் போனது. இந்தத் தடவையும் பழக்கதோஷத்தில் "வேண்டாங்க" என்றேன். அந்த அக்கா நகரவில்லை. "உங்களுக்கு யாரு சார் கொண்டாந்தா? வீட்டுல இருக்குற புள்ளைக்குக் கொண்டாந்துருக்கேன். அதுக்கு வேணாம்னு நீங்க எப்பிடிச் சொல்லலாம்?" என்று பாத்திரத்தை உள்ளே நீட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இல்லாத ஒருத்தியின் பங்கை நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். நல்ல புளிப்பு. பொய் சொல்ல மாட்டேன், பாத்திரத்தை வழித்தேன்.

அதற்குப் பிறகு விஷயம் என் கையை விட்டுப் போய்விட்டது. தையல் விட்டுப்போனதால் ராமுத்தாய்க்கு வயிற்றுப் பக்கம் இன்னும் கொஞ்சம் பஞ்சு அடைத்தேன். பிள்ளைகள் வீட்டில் போய், "ராமுத்தாய்க்கு வயிறு பெருசாயிருச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் வாசலில் ஒரு கூறு புளி மாங்காய் இருந்தது. குழாயடியில் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். அடுத்து எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சரஸ்வதியம்மாள் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, "சார், நான் இதெல்லாம் கேட்கக்கூடாது. ஆனா ஸ்கூல் பேரு இருக்கு பாருங்க. ரெஜிஸ்டர் பண்ணியாச்சா?" என்றார்கள். "டீச்சர், அவ பொம்மை" என்றேன். "பெண்களை அப்படிச் சொல்லாதீங்க" என்றார்கள். வேறு வழி தெரியாமல் பையிலிருந்து ராமுத்தாயை எடுத்துக் கையில் மாட்டிக் காட்டினேன். மாட்டினால் பேசிப் பழகிய கை, சும்மா இருக்குமா? "வணக்கம் டீச்சர், சாப்பிட்டீங்களா?" என்று கீச்சுக் குரலில் கேட்டுவிட்டாள். சரஸ்வதியம்மாள் என்னைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், பிறகு மெல்லிய குரலில், "ரெண்டு நாள் லீவு எடுத்து ரெஸ்ட் எடுங்க சார்" என்றார்கள். நானே கேட்டால் கிடைக்காத லீவு.

கத்தரீனாள் அக்காவிடமும் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்குள் கூப்பிட்டு, அரிசி டப்பா மேல் உட்கார்ந்திருந்த ராமுத்தாயைக் காட்டி, "இதுதானுங்க அந்தப் பொண்ணு, வேற ஆரும் இல்லைங்க" என்றேன். அந்த அக்கா அவள் தலைத்துண்டைச் சரியாக இழுத்துக் கட்டிவிட்டு, "புள்ள வாடிப்போய் இருக்கு சார், நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். அன்று மாலை ஆப்பம் வந்தது, இரண்டு பேருக்கு. என் பேச்சை யாருமே நம்புவதில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நிஜமான பெண்ணை நான் எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு, பொம்மையைக் காட்டி ஏமாற்றுவதாக நினைக்கிறார்கள். இப்போது உனக்கும் யாரோ போன் செய்துவிட்டார்கள்.

அக்கா, இனி மறைக்க ஒன்றுமில்லை, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் சாயங்காலம் கத்திக்கொண்டு இறக்கத்தில் ஓடிப் போவார்கள். அவர்கள் சத்தம் தேயிலைக்குள் போய் அடங்கியதும் பனி இறங்கிவிடும். அதற்குப் பிறகு மறுநாள் காலை மணி அடிக்கிற வரை என் வாய்க்கு வேலை கிடையாது. இங்கே எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் "சார்" என்று எழுந்து நிற்கிறார்கள். உட்கார்ந்து பேச யாருமில்லை. நீ பெண் பார்த்த இடமெல்லாம், "மலைக்கு மேலயா? ஆனை வருமாமே" என்று காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ஆனை வரத்தான் செய்கிறது. நீயும் வருஷா வருஷம் வருவதாகச் சொன்னாய். ஒரு வருஷம் மாடு, ஒரு வருஷம் அறுப்பு, ஒரு வருஷம் மாமாவின் முழங்கால், ஒரு வருஷம் மலைவளைவை நினைத்ததும் வீட்டிலேயே உனக்கு வாந்தி வந்துவிட்டது. நான் குறை சொல்லவில்லை. பொழுது சாய்ந்தால் உன் போன் வரும், "தின்னியாடா?" என்பாய், "தின்னுட்டேன்" என்பேன், கீரைக்காரி சண்டையும் கள்ளுக்கடைச் சண்டையும் சொல்லுவாய். எனக்கு அது போதும். ராமுத்தாயிடம் கதைப் பயிற்சிக்கு நடுவே எப்போதாவது ஒரு சொந்த விஷயமும் பேசியிருப்பேன், நீ கூப்பிடாத இந்த நாட்களில் அது கூடிவிட்டது. அவள் கேட்டுக்கொள்வாள். ஆனால் அவளுக்குப் பதிலும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுதான் அக்கா தாங்கவில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. நீங்கள் யாரும் வர வேண்டாம். வண்டி வைத்து, பெரியப்பாவைக் கூட்டி, லயத்துச் சனம் பார்க்க வாசலில் நின்று சத்தம் போட்டு, கடைசியில் ஒரு துணிப் பொம்மையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கா இவ்வளவு தூரம்? வீணாக எதற்குச் சிரமம்? நான் போன் செய்தால் எடு. திட்டவாவது எடு.

மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் என் வணக்கம். லோகேஷுக்கு ஒரு முத்தம், பெரியவனாகிவிட்டதால் வேண்டாமென்பான், கொடு. கன்று ஈன்றால் என்ன கன்று என்று எழுது. நீங்கள் எல்லோரும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். நான் அதில் ஒரு வருஷம் குறைந்து போனாலும் பரவாயில்லை, உங்களுக்குப் பிறகு இங்கே தனியாக இருந்து என்ன செய்யப்போகிறேன்?

உன் சொல்லைத் தட்டாத தம்பி,
ஜெகன்

பின்குறிப்பு: பாஸ்கல் அண்ணன் நாளைக் காலை மூணாறுக்குப் போகிறார், அவரிடம் கொடுத்தால் ஸ்பீடு போஸ்டில் சேர்த்துவிடுவார் என்று, உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். "யாருக்கு சார் இம்புட்டுப் பெரிய காயிதம்?" என்று கத்தரீனாள் அக்கா கேட்டார்கள். படித்துக் காட்டினேன். எலி வந்த இடத்தில் இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தார்கள். முடித்தபோது சிரிக்கவில்லை.

"சார், அந்தச் செவரு கூர வரைக்குமா இருக்கு?" என்றார்கள் அந்த அக்கா. "நீங்க தும்முனா நாங்க இங்க 'ஏசுவே'ங்குறோம். ஒரே தொண்டையில இருந்துதான் ரெண்டு கொரலும் வருதுன்னு மொத நாளே தெரியும்."

பாஸ்கல் அண்ணன்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாங்க குடுத்தா நீங்க வேணாம்பீக. இல்லாத புள்ளைக்குக் குடுத்தா வாங்கிக்கிருவீகன்னு இவதான் சொன்னா சார்."

அப்படியானால் அக்காவுக்குப் போன் செய்தது யார் என்று கேட்டேன்.

"நாந்தான்" என்றார்கள் கத்தரீனாள் அக்கா. "நீங்க காய்ச்சல்ல கெடந்தப்ப, ஒண்ணுன்னா கூப்பிடுங்கன்னு அவுக நம்பர நீங்கதான குடுத்தீக. தெனமும் அந்தப் பொம்மைகிட்ட எங்க பேச்சுலதான் பேசுவீக. ஒரு நாளு, 'எங்கக்கா ஒருக்காக்கூட வருலியே ராமுத்தாயி'ன்னு உங்க ஊருப் பேச்சுல சொன்னீக. அப்பத்தான் இது கதையில்லன்னு எங்களுக்குத் தெரிஞ்சுச்சு. நல்ல சேதி சொன்னா உங்க அக்கா போன்லயே சந்தோசப்பட்டு வச்சிருவாக சார். கெட்ட சேதிக்குத்தான் சனம் வண்டியேறும். இப்ப இந்தக் காயிதம் போச்சுன்னா அவுக வரமாட்டாக."

அக்கா, இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அதனால் அனுப்புகிறேன். ஆனால் மேலே எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட நம்பாதே. என் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். பேர் ராமுத்தாய். வாய் ரொம்ப நீளம், நீ நேரில் வந்து கேட்காமல் அடங்க மாட்டாள். பெரியப்பாவையும் கூட்டிக்கொள். மாமா வாசலில் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் சத்தம் போடட்டும், லயமே கேட்கட்டும். கொங்கன்படை முடியட்டும் என்று காத்திருக்காதே. சண்டை போடவாவது வா அக்கா.